பிரிவும் சேர்தலும்: சேலத்து வாசகர்களின் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

குடும்ப வழக்குகளில் நீண்ட அனுபவமுள்ள, சேலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் அம்மையார் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): எங்கள் பாட்டி காலத்தில் விவாகரத்து என்ற பேச்சே இல்லை. இப்போது ஆறு மாதத்தில் பிரிகிறார்கள். சட்டம் எளிதாகிவிட்டதுதான் காரணமா, அம்மா?

பதில்: பேச்சு இல்லாமல் இருந்தது, பிரிவு இல்லாமல் இல்லை. வாழாவெட்டி என்ற பெயரோடு அண்ணன் வீட்டுப் பின்கட்டில் காலம் தள்ளிய பெண்களையும், முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாவது தாலி கட்டிய ஆண்களையும் உங்கள் பாட்டிக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். மணவிலக்கு உரிமையைச் சுயமரியாதை இயக்கத்தார் 1929 செங்கல்பட்டு மாநாட்டிலேயே கேட்டார்கள். இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கும் வழிசெய்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1949-இல் வந்தது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்தே வந்தது. அந்தச் சட்டப்படி, மிகக் கடுமையான துன்பம் போன்ற விதிவிலக்குகள் தவிர, திருமணமாகி ஓராண்டு முடியும்வரை விவாகரத்து மனுவே போட முடியாது.

கேள்வி (கொண்டலாம்பட்டி): மகளும் மருமகனும் பேசிப் பிரிய முடிவு செய்துவிட்டார்கள். திருமணம் சேலத்தில் நடந்தது, குடியிருந்தது பெங்களூருவில். வழக்கை எங்கே போடுவது? போட்ட நகை, சீர் என்ன ஆகும்?

பதில்: திருமணம் நடந்த ஊரின் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்பதால் சேலத்திலேயே போடலாம். பரஸ்பர ஒப்புதல் மனுவுக்கு இருவரும் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பிரிந்து ஒன்றரை ஆண்டு கடந்து, பிள்ளை, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடிந்திருந்தால், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது.

பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த சீரும் அவளுடைய சொத்து என்பதை உச்ச நீதிமன்றம் 1985-இலேயே தெளிவாக்கிவிட்டது. ஆனால் தீர்ப்பு தெரிந்தால் போதாது, பட்டியல் வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கொலுசு எத்தனை ஜோடி, எத்தனை கிராம், பீரோவும் கிரைண்டரும் இப்போது யார் வீட்டில் இருக்கின்றன என்று ரசீதோடும் கல்யாண ஆல்பத்தோடும் உட்கார்ந்து எழுதி, திருப்பித் தரும் தேதியையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். எல்லாம் முடிந்து கையெழுத்திட வந்த இரு குடும்பங்கள், பட்டியலில் விட்டுப்போன ஒரு பித்தளை அண்டாவுக்காக நீதிமன்ற வராந்தாவில் மறுபடியும் முட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (ஏற்காடு மலைக் கிராமம்): நாங்கள் மலையாளி பழங்குடியினர். ஊர்ப் பெரியவர்கள் கூடி, பரியப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்துத் தங்கையின் திருமணத்தைத் தீர்த்துவைத்தார்கள். அது செல்லுமா?

பதில்: மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, இந்து திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது, உங்களுக்கு உங்கள் வழக்கமே சட்டம். ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக, இடையறாமல் இருந்து வருகிறது என்பதைக் கேள்வி எழும்போது நிரூபிக்க வேண்டும். ஆகவே கூட்டம் நடந்த நாள், கொடுத்த தொகை, கூடியிருந்தவர்களின் கையொப்பம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். நாளை அரசு வேலையிலோ ஓய்வூதியத்திலோ சிக்கல் வந்தால், திருமண நிலையை உறுதிப்படுத்தும் தீர்ப்பைக் குடும்ப நல நீதிமன்றத்தில் கேட்கலாம். இதைப் பார்த்துவிட்டுக் கீழே சமவெளியில் இருப்பவர்கள் இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திட்டுப் பிரிந்துவிட வேண்டாம். அத்தகைய வழக்கத்தை நிரூபிக்க முடியாதவர்களுக்கு அது வெறும் தாள்தான்.

கேள்வி (ஆத்தூர்): ஐயர் இல்லாமல், மாலை மட்டும் மாற்றிக்கொண்டால் செல்லுமா?

பதில்: இந்துக்கள் இருவருக்கிடையே என்றால் செல்லும். தமிழ்நாட்டில் 1967-இல் நிறைவேறிய திருத்தத்தின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் தாலி கட்டினாலும் திருமணமே. 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி (சேலம்): எனக்கு 26 வயது. நானும் என் தோழியும் வாழ்க்கைத் துணைகளாக வாழ விரும்புகிறோம். பதிவு செய்ய முடியுமா? வீட்டில் போலீசில் புகார் கொடுப்போம் என்கிறார்கள்.

பதில்: பதிவு செய்ய இன்று வழியில்லை. தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திருமண உரிமையை 2023 அக்டோபரில் ஏற்கவில்லை. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகின. சேர்ந்து வாழ்வதை எவரும் தடுக்க முடியாது. காணவில்லை என்று புகார் வந்து, வயது வந்த இருவரும் விரும்பியே சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுப் புகாரை முடிக்க வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் காவல்துறைக்கு உத்தரவிட்டது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் அதே நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது. மனைவி என்ற உரிமை தானாக வராததால், நீங்கள் அதைத் துண்டு துண்டாகக் கட்டிக்கொள்ள வேண்டும்: வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயர், பதிவு செய்த உயில், வங்கியில் கூட்டுக் கணக்கு, வாரிசு நியமனம். கூட்டுக் கணக்குக்கும் நியமனத்துக்கும் தடை இல்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது. கிளையில் மறுத்தால் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): என் மகன் ஒரு பையனை விரும்புவதாகச் சொல்கிறான். டாக்டரிடம் காட்டி, ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தால் மாறிவிடுவானா?

பதில்: மாறமாட்டார், அம்மா. அப்படி 'மாற்றுவதாக' மருத்துவம் செய்வதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் பார்க்கப் போகும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். உண்மையை மறைத்து நடத்திய திருமணத்தை ரத்து செய்யக் கேட்டு அவள் நீதிமன்றத்துக்கு வந்தால், நான் அவள் பக்கம்தான் நிற்பேன்.