பூண்டில் மஞ்சள் கோடு, வெங்காயத்தில் புள்ளி, வரப்பில் காட்டு வெங்காயம்: வைரஸ் எதில்?

கேள்வி: பூண்டுத் தாள்களில் அடியிலிருந்து மஞ்சள் கோடுகள் ஓடுகின்றன. பக்கத்துப் பாத்தி வெங்காயத்தில் வைக்கோல் நிறப் புள்ளிகள். வரப்பில் தானாக முளைத்த காட்டு வெங்காயம் மட்டும் பச்சையாக நிற்கிறது. இது வைரஸா? வரப்புச் செடியிலிருந்து வந்ததா?

பதில்: நீங்கள் சொல்வது ஒரே நோய் மாதிரி தெரியவில்லை, இரண்டு நோய் மாதிரி இருக்கிறது.

முதலில் பூண்டு. ஒரு தாளை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குருத்துத் தாளிலும் நரம்போடு இணையாக மஞ்சள் கோடு இருந்து, தாள் சுருங்கித் தட்டையாகித் தொங்கினால் மஞ்சள் குட்டை வைரஸாக இருக்கலாம். லீக் மஞ்சள் கோடு வைரஸும் ஏறக்குறைய இப்படித்தான் காட்டும். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. தழைச்சத்துக் குறை என்றால் மூத்த தாள்கள் நுனியிலிருந்து மொத்தமாக மஞ்சளாகும், கோடு விழாது. இலைப்பேன் சுரண்டியது என்றால் வெள்ளி பூசியது போல மினுங்கும், கூடவே கறுப்புக் கழிவுப் புள்ளிகள் தெரியும்.

வெங்காயத்துக்கு வருவோம். புள்ளி இருமுனையும் கூம்பிய கதிர் வடிவில், சிலவற்றில் நடுவே பச்சைத் திட்டோடு இருந்தால் ஐரிஸ் மஞ்சள் புள்ளி வைரஸைச் சந்தேகிக்கலாம். பூத்தண்டில் வந்தால் அந்த இடத்திலேயே தண்டு ஒடியும். நடுவில் ஊதா நிறமும் வளையங்களும் இருந்தால் அது பூஞ்சை; அதற்கு வைத்தியம் வேறு.

வரப்புச் செடியின் தாளைக் கசக்கி மோந்து பாருங்கள். வெங்காய வாசனை வராவிட்டால் அது இந்தக் குடும்பமே இல்லை. வாசனை வந்தால், பச்சையாக நிற்கிறது என்பதை வைத்து நம்பிவிடாதீர்கள். இந்தக் குடும்பத்தில் அறிகுறியே காட்டாமல் வைரஸ் குடியிருக்கும் செடிகள் நிறைய உண்டு.

சந்தேகத்தைத் தீர்ப்பது ஆய்வகம்தான். பூண்டிலும் காட்டு வெங்காயத்திலும் இளந்தாள் எடுங்கள். வெங்காயத்தில் புள்ளி விழுந்த இடத்தையே வெட்டுங்கள். அந்த வைரஸ் செடி முழுக்க ஒரே மாதிரி பரவாது, அரை அடி தள்ளி வெட்டினால் 'இல்லை' என்று முடிவு வரலாம். செடிக்கு ஒரு பை, குளிர்ச்சியாக, தாமதமில்லாமல் அனுப்புங்கள். ஆய்வகத்தில் செய்யும் எலிசா என்ற வைரஸ் சோதனை, நீங்கள் கேட்ட வைரஸை மட்டும்தான் தேடும். பூண்டில் இரண்டு மூன்று வைரஸ் சேர்ந்திருப்பது சகஜம் என்பதால், எவை எவை பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். உலர்ந்த பல்லில் வைரஸ் குறைவாக இருக்கலாம். முளைக்கவைத்து, தாளைச் சோதிப்பது மேல்.

எங்கிருந்து வந்தது? பூண்டுக்கு என் சந்தேகம் வரப்பு மேல் இல்லை, விதைப்பல் மேல்தான். அசுவினிப் பூச்சி அந்த வைரஸைப் பக்கத்துச் செடிகளுக்குக் கொண்டுபோகும். ஒரு முறை குத்திப் பார்க்கும் சில நொடிகளே அதற்குப் போதும். மருந்து வேலை செய்வதற்குள் வைரஸ் தொற்றியிருக்கும்.

வெங்காயத்தில் கதை வேறு. இலைப்பேன் குஞ்சாக இருக்கும்போது உறிஞ்சிய வைரஸை வளர்ந்த பிறகு பரப்புகிறது. வெங்காயத் தாளும் வரப்புச் செடியும் அதற்குத் தங்குமிடம். அதனால் வரப்பைச் சுத்தம் செய்வது சரிதான், ஆனால் நடவுக்கு முன்பு. பயிர் நிற்கும்போது பிடுங்கினால் பூச்சி நேரே பாத்திக்குள் இறங்கும்.

கோடு விழுந்த பூண்டை இப்போதே பிடுங்கிவிடுங்கள். விதைக்கு வேண்டிய செடிகளைத் தாள் பச்சையாக இருக்கும்போதே குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். காய்ந்த பிறகு எது நோயாளி என்று பூண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.