தாடையில் 'டக்' சத்தம்: பல்லைத் தேய்த்துக் குறைக்கலாமா?

கேள்வி: வயது 42. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்' என்கிறது. சாயந்திரம் ஆனால் தாடையிலிருந்து கழுத்து வரை வலி. இடுப்பு வலியும் உண்டு. பல்லைக் கருவியால் தேய்த்துக் குறைத்து, கடியை, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் விதத்தைச் சரிசெய்தால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தேய்ப்பது வேண்டாம். தேய்த்த பல் திரும்ப வளராது.

மெஷின் முன்னால் குனிந்து உட்காருவது போலவே உட்கார்ந்து, பற்களை மெல்லத் தட்டிப் பாருங்கள். அப்புறம் அண்ணாந்து தட்டுங்கள். பல் படும் இடம் மாறுவது தெரியும். கழுத்து முன்னே நீண்டால் தொண்டைப் பக்கத் தசைகள் கீழ்த்தாடையைப் பின்னால் இழுக்கும். தாடை வலியும் மேல்கழுத்து வலியும் மூளைத்தண்டில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வதால், வலிப்பது எது என்று பிரித்துச் சொல்வதே சில நேரம் கஷ்டம்.

இந்தக் கணக்கை இடுப்பு வரை நீட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கடியை மாற்றினால் முதுகு நிமிரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இடுப்புக்கு உங்கள் ஸ்டூலின் உயரத்தைப் பாருங்கள்.

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். நூலைப் பல்லால் அறுக்கிறீர்களா? முன்பல்லால் கடிக்க ஒவ்வொரு முறையும் தாடையை முன்னே தள்ள வேண்டும். ஒரு நாள் முழுக்க எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள், மலைத்துப்போவீர்கள். சின்னக் கத்தரி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஊசி கோக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வதும் இதே ரகம்தான். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக் கூடாது, 2 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும். பாபின் மாற்றும்போதெல்லாம் இதைக் கவனியுங்கள். வலிக்கும் இடத்தில் வெந்நீர் ஒத்தடம் 10 நிமிடம். முறுக்கு தின்பது, எலும்பு கடிப்பது இரண்டுக்கும் கொஞ்ச நாள் விடுப்பு. வலி போய் சத்தம் மட்டும் நின்றுபோகாமல் இருந்தால், சரி, விட்டுவிடலாம்.

மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிகிறதா? முடியாவிட்டாலோ, தாடை பூட்டிக்கொண்டாலோ காட்ட வேண்டும். மாவா, பாக்கு போடுகிறவராக இருந்து, காரம் பட்டால் வாய் எரிந்து, திறப்பும் குறைந்துகொண்டே வந்தால் அது தாடை மூட்டுச் சமாச்சாரமே இல்லை. புற்றுநோயாக மாறக்கூடிய வேறு நோய். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவமனை இருக்கிறது. இந்த வாரமே போய்விடுங்கள்.