எங்கே நடக்கிறது? செல் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

முப்பது வருடத்துக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் எடுத்தவன் நான். செல் பாடத்தில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. வீட்டுப்பாடத்தை அப்படியே அனுப்பியவர்கள் மன்னிக்கவும், அவற்றை ஒதுக்கிவிட்டேன். மீதியில் எனக்குச் சுவையாகப் பட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

சார், நொதி உயிருள்ளதா, உயிரற்றதா? துணி துவைக்கும் பவுடரில்கூட நொதி இருக்கிறது என்கிறார்களே? (பதினோராம் வகுப்பு மாணவர், விருத்தாசலம்)

உயிரற்றது. பெரும்பாலும் புரதம், ஆர்.என்.ஏ.வால் ஆனவை சில உண்டு. ஆனால் உன் சந்தேகம் சின்னச் சந்தேகம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய பெரிய ஆட்கள் இதற்காக அடித்துக்கொண்டார்கள். சர்க்கரையைச் சாராயமாக்க உயிருள்ள ஈஸ்ட் வேண்டுமா, அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருள் போதுமா என்பதுதான் சண்டை. 1897இல் ஜெர்மனியில் எடுவார்ட் பூக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துச் சாறு பிழிந்தார். சாறு கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று சர்க்கரை சேர்த்தார். நாம் நெல்லிக்காயைப் பாகில் ஊறப்போடுவது போலத்தான். சாறு நுரைக்க ஆரம்பித்துவிட்டது! உயிருள்ள செல் எதுவும் இல்லாமலே சர்க்கரை சாராயமாகிக்கொண்டிருந்தது. பதப்படுத்தப் போட்ட சர்க்கரைக்கு 1907இல் நோபல் பரிசே கிடைத்துவிட்டது. சலவைப் பவுடரில் இருப்பதும் அப்படிச் செல்லிலிருந்து பிரித்தெடுத்த நொதிதான். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அதன் உருவம் குலைந்து, வெந்த முட்டை மாதிரி ஆகிவிடும். அப்புறம் கறை போகாது.

ஐயா, எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவிக்கும்போது அம்மா பானையை மூடவே விடமாட்டார்கள். அவித்த தண்ணீரையும் கொட்டிவிடுவார்கள். கேட்டால் "விஷம் போகணும்" என்கிறார்கள். கிழங்கில் எப்படி விஷம்? (இல்லத்தரசி, நாகர்கோவில்)

உங்கள் அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

மரச்சீனியில், அதாவது மரவள்ளியில், லினமரின் என்றொரு பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதியின் பெயர் லினமரேஸ். இரண்டும் ஒரே கிழங்கில்தான் இருக்கின்றன, ஆனால் சந்திப்பதில்லை. லினமரின் செல்லுக்குள்ளே நுண்குமிழில், அதாவது வாக்குவோலில், அடைபட்டிருக்கிறது. நொதியோ வெளியே செல்சுவர்ப் பக்கம். எலி கடித்தாலோ, நீங்கள் கத்தி வைத்தாலோ சவ்வு கிழிகிறது, இரண்டும் கலக்கின்றன. லினமரின் உடைந்து கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. தன்னைக் கடிக்க வருபவனுக்குக் கிழங்கு வைத்திருக்கும் பொறி அது. ஆடு மாடு மரவள்ளி இலையை மேய்ந்துவிட்டுச் செத்துப்போவதும் இதனால்தான்.

சமையலில் அந்தப் பொறியை நாமே முன்கூட்டி இயக்கிவிடுகிறோம். தோலில்தான் விஷம் அதிகம், அதனால் அதை முழுக்கச் சீவி எறிகிறோம். சின்னதாக நறுக்கினால் நிறையச் செல் கிழியும், நொதி வேலை செய்யும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிற பொருள். பானை திறந்திருந்தால் போய்விடும், மூடினால் மூடியில் பட்டுத் திரும்ப உள்ளே சொட்டும். உடையாமல் மிஞ்சிய லினமரின் தண்ணீரில் கரையும், அது வடித்துக் கொட்டும்போது போகும். இன்னொன்று: துண்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் போடாமல் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுவது நல்லது. எடுத்த எடுப்பில் சூடு பட்டால் நொதி செத்துவிடும், லினமரின் உடையாமல் அப்படியே நின்றுவிடும்.

உள்ளே போனால் சயனைடு என்ன செய்கிறது? செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ் என்ற நொதி இருக்கிறது. நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதி வந்து சேரும் இடம் அது. சயனைடு அதிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ததும்புகிறது, செல்லால் எடுக்க முடியவில்லை. அதனால்தான் சயனைடு விஷத்தில் சிரை ரத்தம்கூடப் பளீரென்று சிவந்திருக்கும்.

அப்போ மரவள்ளி சிப்ஸ்? (மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒருவர்)

எண்ணெயின் சூட்டில் நொதி உடனே செத்துவிடும், வடித்துக் கொட்டத் தண்ணீரும் கிடையாது. ஆகவே கசப்பில்லாத ரகமாகப் பார்த்து வாங்கி, தோல் சீவி, சீவல்களைத் தண்ணீரில் ஊறவைத்து அலசிவிட்டுப் பொரிக்கவும்.

ஒரு குளுக்கோஸ் முழுவதும் எரிந்தால் 38 ஏடிபி என்று ஒரு புத்தகம், 36 என்று ஒன்று, 32 என்று இன்னொன்று, 30 என்று டியூஷன் சார். எதைத்தான் எழுதுவது? (நீட் தேர்வுக்குப் படிப்பவர், தர்மபுரி)

தேர்வில் உன் பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுது, மதிப்பெண்ணோடு விளையாடாதே. இனி உண்மைக்கு வருவோம். ஏடிபி என்பது செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்.

நேரடியாகக் கையில் கிடைக்கும் ஏடிபி நாலே நாலு: குளுக்கோஸை முதலில் உடைக்கும் கிளைக்காலிசிஸில் நிகரமாக 2, பிறகு மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கும் கிரெப்ஸ் சுழற்சியில் 2. மற்றதெல்லாம் எலக்ட்ரான்களைச் சுமந்து போகும் 10 என்.ஏ.டி.எச்., 2 எஃப்.ஏ.டி.எச்.2 என்ற வடிவில் இருக்கிறது. அவற்றை ஏடிபியாக மாற்றும் விகிதத்தில்தான் தகராறு. பழைய கணக்கில் என்.ஏ.டி.எச். ஒன்றுக்கு 3, மற்றதற்கு 2. அப்படிக் கூட்டினால் 30 + 4 + 4 = 38. இப்போதைய கணக்கில் 2.5, 1.5. கூட்டிப்பார்: 25 + 3 + 4 = 32. கிளைக்காலிசிஸ் நடப்பது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில், அங்கே உண்டாகும் இரண்டு என்.ஏ.டி.எச். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நேராக நுழைய முடியாது. அவற்றின் எலக்ட்ரான்களை வேறொருவர் கைமாற்றி உள்ளே கொண்டுபோக வேண்டும். சில திசுக்களில் அந்த வழியிலேயே கொஞ்சம் நஷ்டம். அதனால்தான் 38க்குப் பக்கத்தில் 36, 32க்குப் பக்கத்தில் 30.

அரை ஏடிபி எப்படி வரும் என்று அடுத்து கேட்பாய். எலக்ட்ரான்கள் உட்சவ்வில் கைமாறி வரும்போது புரோட்டான்கள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தள்ளப்படுகின்றன. என்.ஏ.டி.எச். ஒன்றுக்கு 10 புரோட்டான். மேட்டூரில் தண்ணீர் தேங்குவது போல அவை தேங்கி நிற்கின்றன. திரும்பி வர ஒரே நல்ல வழி ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி. அது நிஜமாகவே சுழல்கிறது, உவமைக்காகச் சொல்லவில்லை. ஒரு ஏடிபி உருவாகவும், அதற்கான கச்சாப்பொருளை உள்ளே இழுக்கவும் சேர்த்து ஏறத்தாழ 4 புரோட்டான் செலவு. 10ஐ 4ஆல் வகுத்தால் 2.5. ஆக, அந்த அரை என்பது சராசரி.

இந்த அணைக்கட்டு யோசனையை 1961இல் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. அவர் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய பங்களாவைச் செப்பனிட்டு அதையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1978இல் நோபல் பரிசு வந்தது. பாடங்களில் கிரெப்ஸ் சுழற்சியின் அமிலங்களைப் பெயர் பெயராக மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, சவ்வைப் பற்றி இரண்டு வரியோடு முடித்துவிடுவதில் எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

ஜிம்மில் ஒருவர் கொழுப்பை எரிக்கும் மஞ்சள் தூள் ஒன்றைப் பற்றிச் சொன்னார், டி.என்.பி. என்று பெயர். எடுக்கலாமா? (27 வயது, கோவை)

தொடாதீர்கள் தம்பி. மேலே அணைக்கட்டு என்று சொன்னேனே, டி.என்.பி. அந்தச் சுவரில் ஓட்டை போடுகிறது. புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் பக்கம் போகாமல் ஓட்டை வழியே கசிந்துவிடும். செல் கொழுப்பையும் சர்க்கரையையும் வெறிபிடித்த மாதிரி எரிக்கும், ஆனால் ஏடிபி சேராது. எரிந்ததெல்லாம் சூடாகப் போகும். 1930களில் அமெரிக்காவில் இதை உடல் மெலிய மாத்திரையாகவே கொடுத்தார்கள். எடை குறைந்தது நிஜம். உடம்பு உள்ளுக்குள் வெந்து சிலர் செத்தார்கள், சிலருக்குக் கண்புரை வந்தது. 1938இல் அங்கே தடை வந்தது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. இன்றும் திருட்டுத்தனமாக விற்கிறார்கள், ஆட்கள் சாகிறார்கள்.

இதே கசிவைப் பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பு குளிருக்காக அளவாகச் செய்கிறது. அங்கே அதற்கென்று ஒரு புரதமும், அதைத் திறந்து மூடும் கட்டுப்பாடும் உண்டு. தூளுக்கு அப்படி எதுவும் கிடையாது.

ஏடிபியைக் கண்டுபிடித்தவர் சென்னையில் படித்தவராமே? (பெயர் போடவில்லை)

ஆமாம், எல்லப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆனால் "அவர்தான் கண்டுபிடித்தார்" என்று ஒற்றையாகச் சொல்லக் கூடாது. 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் என்று தனித்தனியாக வந்து சேர்ந்த கண்டுபிடிப்பு அது. பாஸ்பரஸை அளக்கும் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையை உயிர்வேதியியல் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வெங்காய வேர்நுனி செய்முறையில் எங்கள் மாணவர்களுக்கு எப்போதுமே இன்டர்ஃபேஸ்தான் (செல் பிரியாமல் இருக்கும் நிலை) தெரிகிறது. எங்கே தவறு? (ஆசிரியை, மன்னார்குடி)

டீச்சர், முதல் சந்தேகம்: அவர்கள் எந்த முனையை வைக்கிறார்கள்? வேரை வெட்டி வாட்ச் கிளாஸில் போட்டதும் எது நுனி, எது வெட்டுவாய் என்று குழம்பிவிடும். என் முதல் வருடத்தில் ஒரு வகுப்பு முழுவதும் வெட்டுவாயையே நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் லென்ஸைத்தான் குறை சொன்னேன். செல் பிரிவது நுனியிலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்குள்தான். சாயம் ஏறியதும் அந்த இடம் மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரியும். அதை வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறியச் சொல்லுங்கள்.

அப்புறம் வேரின் வயது. வெங்காயத்தின் காய்ந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு, டம்ளர் வாயில் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி உட்கார வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வரும் இளவேர் போதும். காலையிலேயே வெட்டி, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு, ஆல்கஹால் மூன்று பங்கு கலந்த கரைசலில் போட்டுவிட வேண்டும். மதியம் பீரியடில் வெட்டினால் பல நேரம் ஏமாற்றம்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடுபடுத்துவதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் அதில்தான் தளர்கிறது. அது தளராவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் அடுக்கடுக்காகவே கிடக்கும். அசிட்டோகார்மின் சாயம் ஏறியதும் கவர் ஸ்லிப் போட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாகத் தட்டி, மேலே ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் எல்லாம் சுருண்டுவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பெரும்பாலானவை இன்டர்ஃபேஸாகத்தான் இருக்கும். செல் தன் நேரத்தில் பெரும்பகுதியை அதில்தான் கழிக்கிறது. அதனால் "மெட்டாஃபேஸ் காட்டு" என்று, பிரிவின் நடுக்கட்டத்தைக் கேட்டு, மதிப்பெண்ணைப் பிடித்து வைக்காமல், ஒரு பார்வைப் புலத்தில் எந்த நிலையில் எத்தனை செல் என்று எண்ணச் சொல்லுங்கள். எந்த நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அந்த எண்ணிக்கையிலிருந்தே புரிந்துவிடும்.

நாங்கள் கண்வலிக்கிழங்கு போடுகிறோம். விதையை நல்ல விலைக்கு எடுத்து வெளிநாடு அனுப்புகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? (விவசாயி, மூலனூர்)

அண்ணே, நம் மாநில மலரான செங்காந்தள்தானே அது. விதையிலும் கிழங்கிலும் கொல்ச்சிசின் இருக்கிறது. கீல்வாத வகையில் ஒன்றான கவுட்டுக்கு அது மருந்து. செல் பற்றிப் படிப்பவர்களுக்கு இன்னொரு காரணத்துக்காகத் தெரியும். செல் பிரியும்போது, மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுப்பதற்கு நுண்குழல்கள் கயிறு மாதிரி உருவாகும். கொல்ச்சிசின் அந்தக் கயிறு திரிய விடாது. குரோமோசோம்கள் சுருண்டு தடித்து, நகர வழியில்லாமல் நடுவழியில் நின்றுவிடும்.

எண்ணிப் பார்க்க அதைவிட வசதியான நேரம் கிடையாது. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று முப்பது வருடத்துக்கும் மேலாக உலகமே நம்பியது. 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, கருவின் நுரையீரல் செல்களைக் கொல்ச்சிசினில் நிறுத்தி, உப்புச்சத்துக் குறைந்த நீரில் உப்பவைத்து, நசுக்கி எண்ணினார். திரும்பத் திரும்ப 46 வந்தது. ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து அதை 1956இல் வெளியிட்டார்.

செடி தன் விஷத்தில் தானே சாகாதா என்றால், தாவரங்களின் நுண்குழல் புரதத்தில் கொல்ச்சிசின் அவ்வளவு இறுக்கமாக ஒட்டாது. நம் உடம்பில் நன்றாக ஒட்டும். குடல், எலும்பு மஜ்ஜை என்று ஓயாமல் செல் பிரியும் இடங்கள் அடிவாங்கும். கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். நடவின்போது கையுறை போடுங்கள், மிச்சக் கிழங்கைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ரத்தச் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லையாமே, அப்புறம் எப்படி உயிர் வாழ்கிறது? (பன்னிரண்டாம் வகுப்பு, தென்காசி)

கிளைக்காலிசிஸ் ஒன்றை வைத்தே 120 நாள் ஓட்டிவிடுகிறது. அத்தனை ஆக்ஸிஜனைச் சுமந்தும் தான் அதை எரிப்பதில்லை.

என் எட்டு வயதுப் பெண் கேட்கிறாள்: வெங்காயத்தை நறுக்கினால் அதற்கு வலிக்குமா, அதனால்தான் நாமும் அழுகிறோமா? (திருப்பூர்)

வலிக்காது கண்ணு, ஆனால் அதற்குக் கோபம் வருகிறது என்று வைத்துக்கொள். மரவள்ளிக் கதைதான் இங்கேயும், இடம் மட்டும் தலைகீழ். நொதி வாக்குவோலுக்குள் இருக்கிறது, கந்தகப் பொருள் வெளியே சைட்டோபிளாசத்தில். கத்தி பட்டதும் இரண்டும் கலக்கின்றன, பின்னாலேயே இன்னொரு நொதி சேர்ந்து கண்ணை எரிக்கும் ஆவியைச் செய்துவிடுகிறது. அந்த இரண்டாவது நொதி இருப்பதே 2002இல்தான் ஜப்பானில் தெரியவந்தது. அம்மாவிடம் சொல்லி வெங்காயத்தை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல். குளிரில் நொதிகள் மந்தமாகும். கத்தியையும் தீட்டிக்கொள்ளச் சொல். மொண்ணைக் கத்தி வெட்டுவதைவிட நசுக்குவதுதான் அதிகம், எத்தனை செல் நசுங்குகிறதோ அத்தனை எரிச்சல்.