எல்லோரும் வாங்கினால், விற்றது யார்?

கேள்வி: டெலிகிராம் குழு ஒன்றில் நாலாயிரம் பேர் ஒரே சின்னக் கம்பெனியின் பங்கைப் பற்றியே பேசினார்கள். நானும் 84 ரூபாய்க்கு 500 பங்கு வாங்கினேன். மூன்று நாளாக லோயர் சர்க்யூட் (ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கீழ் எல்லை), இப்போது 72. "விற்காதீர்கள், இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்யுங்கள்" என்கிறார்கள். என்ன செய்யலாம்? (ஈரோடு வாசகர்)

பதில்: இறங்கிய விலையில் இன்னும் வாங்கி சராசரி விலையைக் குறைக்கும் ஆவரேஜ் பேச்சை முதலில் விடுங்கள். விலை இறங்கியது மட்டுமே வாங்கக் காரணம் ஆகாது.

நாலாயிரம் பேர் வாங்குகிறார்களே என்பது தெம்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் குழுவில் ஒருவருமே விற்கவில்லை என்றால், உங்களுக்கு 84க்குக் கொடுத்தது யார்? சாதனா பிராட்காஸ்ட் பங்கில் நடந்ததைப் பாருங்கள். 2022இல் அந்தக் கம்பெனியை அதானி குழுமம் வாங்கப்போகிறது என்பது போன்ற பொய்ச் செய்திகளை யூடியூப் வீடியோக்கள் பரப்பின. சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை 2,167இலிருந்து 55,343 ஆனது. அந்தக் கூட்டத்துக்கு ஏறிய விலையில் விற்றவர்களில் கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முக்கிய உரிமையாளர்களான புரமோட்டர்கள் சிலரும் இருந்தார்கள் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2023 மார்ச்சில் பிறப்பித்த இடைக்கால உத்தரவு சொல்கிறது.

உங்கள் பங்கிலும் இதைப் பார்த்துவிடலாம். பங்குச் சந்தையின் இணையதளத்தில் கம்பெனி பெயரைத் தேடி, யாரிடம் எவ்வளவு பங்கு என்று காட்டும் 'ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்' பகுதியைத் திறங்கள். காலாண்டுக்கு ஒருமுறை வரும் விவரம் அது. புரமோட்டர் பங்கு குறைந்து, சிறு முதலீட்டாளர் எண்ணிக்கை திடீரென எகிறியிருந்தால் விற்றது யார் என்று புரிந்துவிடும். லாபமும் விற்பனையும் வளராமல் விலை மட்டும் ஏறியிருந்தாலும் வெளியேறுவதே நல்லது.

லோயர் சர்க்யூட்டில் வாங்க ஆள் இருக்காது, அதுதான் சிக்கல். எல்லோரும் ஒரே விலைக்கு விற்க நிற்பதால், முதலில் ஆர்டர் போட்டவருக்கே முதலில் விற்கும். அதனால் முந்தின இரவே, மறுநாளின் கீழ் எல்லை விலைக்கு ஆஃப்டர் மார்க்கெட் ஆர்டர் (சந்தை மூடிய பிறகு மறுநாளுக்காகப் போடும் ஆர்டர்) போட்டு வையுங்கள். ஒரே நாளில் விற்காமலும் போகலாம், தினமும் போட வேண்டியிருக்கும். "ஹோல்ட்" என்று உபதேசிப்பவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். நீங்கள் விலகி நின்றால் அவர்களுக்கு இடம் கிடைக்கும்!

விற்று வரும் நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் தவறாமல் காட்டுங்கள். கெடுவுக்குள் தாக்கல் செய்தால், இந்த ஆண்டு ஈடுகட்ட முடியாத குறுகிய கால மூலதன நஷ்டத்தை அடுத்த 8 ஆண்டுகளின் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.