பால் ஒத்துக்கொள்ளவில்லை, ஓட்ஸ் பாலுக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. சர்க்கரை நோய்க்கு ஆறு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சைவம். கொஞ்ச நாளாகப் பால் குடித்தால் வயிறு உப்புகிறது, சில சமயம் வயிற்றுப்போக்கும் ஆகிறது. ஓட்ஸ் பால் வாங்கித் தருகிறேன் என்கிறாள் மகள். மாறலாமா? 10 மாதப் பேரனுக்கும் கொடுக்கலாமா?

பதில்: முதலில் பேரனைப் பற்றி. கண்டிப்பாக வேண்டாம். ஒரு வயது வரை தாய்ப்பால், அது போதாவிட்டால் குழந்தை மருத்துவர் சொல்லும் ஃபார்முலா பால். அந்த இடத்தை ஓட்ஸ் பாலால் நிரப்ப முடியாது.

உங்கள் தொந்தரவுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காதது காரணமாக இருக்கலாம். ஆனால் மெட்ஃபார்மினும் இதே உப்புசத்தையும் பேதியையும் தரும். அதனால் இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பால் இல்லாமலும் தொந்தரவு தொடர்ந்தால் மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள்.

பால்தான் காரணம் என்று தெரிந்தாலும், உங்களுக்கு ஓட்ஸ் பாலை நான் முதலில் சொல்ல மாட்டேன். கடையில் விற்பதை, ஓட்ஸை அரைத்து, நொதி சேர்த்து மாவுச்சத்தை உடைத்துத் தயாரிக்கிறார்கள். அப்போது மால்டோஸ் என்ற சர்க்கரை உண்டாகிறது. பாக்கெட்டில் 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்டிருந்தாலும் குடித்தால் தித்திப்பது இதனால்தான். மால்டோஸ் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். புரதமும் குறைவு: ஒரு டம்ளர் பசும்பாலில் சுமார் 8 கிராம், ஓட்ஸ் பாலில் 2 அல்லது 3 கிராம்தான். வீட்டில் அரைத்து வடிகட்டினால் கால்சியமும் அனேகமாக இருக்காது. நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். ஓட்ஸில் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து இருப்பது உண்மை. அதற்கு ஓட்ஸைக் கஞ்சியாகவோ உப்புமாவாகவோ சாப்பிடுவதே மேல்.

தயிர், மோர் சாப்பிட்டுப் பாருங்கள். புளிக்கும்போது லாக்டோஸ் குறைவதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். டீ, காபிக்கு லாக்டோஸ் நீக்கிய பால், அல்லது சர்க்கரை சேர்க்காத சோயா பால். சோயாவில் புரதம் ஏறக்குறைய பசும்பால் அளவுக்கு உண்டு.

ஓட்ஸ் பாலின் ருசி பிடித்து, டீக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொள்வதென்றால் தடையில்லை. கால்சியமும் வைட்டமின் பி12-உம் சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள்.

இன்னொன்று. நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். சைவர்களுக்கு பி12 பெரும்பாலும் பால், தயிரிலிருந்துதான் வருகிறது. அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கால் மரத்துப்போவதோ எரிச்சலோ இருந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே பாருங்கள்.