கரைதிறனும் செறிவும் ஒன்றா? 250 மி.லி. நீரில் உப்பைப் போட்டால் ஏன் தவறு?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம்: சிங்கப்பூரில் உயர்நிலை 3 படிக்கும் மகன் வேதியியலில் இரண்டு இடங்களில் மதிப்பெண் இழந்திருக்கிறான். "25 டிகிரியில் சாப்பாட்டு உப்பின் கரைதிறன் 100 கிராம் நீருக்கு 36 கிராம், நிறைவுற்ற கரைசலின் அடர்த்தி மி.லி.க்கு 1.20 கிராம்; செறிவு என்ன?" என்ற கணக்குக்கு லிட்டருக்கு 360 கிராம் என்று எழுதியது ஒன்று. செய்முறை வகுப்பில் 250 மி.லி. நீரை அளந்து ஊற்றி, அதில் 2.65 கிராம் சோடியம் கார்பனேட்டைப் போட்டு, 0.1 மோல் கரைசல் (லிட்டருக்கு 0.1 மோல்; மோல் என்பது பொருளின் அளவைச் சொல்லும் வேதியியல் அலகு) ரெடி என்றது இன்னொன்று.

இரண்டும் ஒரே தவறுதான். கரைதிறன் என்பது நீரில் அதிகபட்சம் எவ்வளவு கரையும் என்ற அளவு; அந்த எல்லை வரை கரைந்ததே நிறைவுற்ற கரைசல். செறிவு என்பது ஒரு கரைசலில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற அளவு. கரைதிறனை நீரைக் கொண்டு கணக்கிடுகிறோம், செறிவைக் கரைசலைக் கொண்டு கணக்கிடுகிறோம். முன்னதில் வகுக்கும் எண் 100 கிராம் நீர். பின்னதில் வகுக்கும் எண் 1 லிட்டர் கரைசல், அதாவது நீரும் அதில் கரைந்ததும் சேர்ந்து பிடிக்கும் மொத்த இடம். தேர்வுத்தாளில் லிட்டர் என்று வராது, கன டெசிமீட்டர் என்று வரும், அளவு ஒன்றே.

உப்புக் கணக்கை இப்படிப் போட வேண்டும். 100 கிராம் நீரில் 36 கிராம் உப்பு கரைந்தால் கரைசலின் எடை 136 கிராம். அதை 1.20-ஆல் வகுத்தால் 113 மி.லி. அந்த 36 கிராம் உப்பு பரவியிருப்பது இந்த 113 மி.லி.யில், 100 மி.லி.யில் அல்ல. லிட்டருக்குக் கணக்கிட்டால் 318 கிராம். ஒரு மோல் உப்பு 58.5 கிராம் என்பதால் 5.4 மோல். மகன் எழுதிய 360-ஐ மோலாக்கினால் 6.2 வரும், ஏறக்குறைய 13 விழுக்காடு அதிகம். கேள்வியில் அடர்த்தியைக் கொடுத்திருக்கும்போது அதைத் தொடாமலே விடை வந்துவிட்டால், எங்கோ சறுக்கியாயிற்று என்று பொருள்.

கரைதிறனைச் சொல்லும்போது வெப்பநிலையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பொட்டாசியம் நைட்ரேட்டைப் பாருங்கள். 100 கிராம் நீரில் 20 டிகிரியில் 32 கிராம் கரையும். 30 டிகிரியில் 46. 60 டிகிரியில் 110. பல புத்தகங்களில் 'அறை வெப்பநிலை' என்றால் 20 அல்லது 25 டிகிரி. நம் ஊரில் ஏர்கான் இல்லாத வகுப்பறை 30 டிகிரியில் இருக்கும். மாலையில் ஏர்கான் ஓடிய ஆய்வுக்கூடத்தில் முளைத்த படிகம், இரவு ஏர்கானை நிறுத்தியதும் ஓரளவு திரும்பக் கரைந்து காலையில் சின்னதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். படிகம் காணாமல் போனதென்று யாரையும் சந்தேகிக்க வேண்டாம்.

சாப்பாட்டு உப்பு இதற்கு நேர்மாறு. 20 டிகிரியில் 36 கிராம், 100 டிகிரியில் வெறும் 39. கொதிக்கவைத்துக் குளிரவைத்தாலும் 100 கிராம் நீரிலிருந்து 3 கிராம்தான் கிடைக்கும். அதனால்தான் நைட்ரேட்டைக் குளிரவைத்துப் பிரிக்கிறோம், உப்பை நீர் வற்றும்வரை சூடாக்கிப் பிரிக்கிறோம். "எந்த முறை, ஏன்?" என்று தேர்வில் கேட்டால் பதில், வெப்பநிலைக்கு ஏற்பக் கரைதிறன் மாறுவதைக் காட்டும் இந்த இரண்டு வளைகோடுகளின் சாய்விலேயே இருக்கிறது.

படிகக் கணக்கில் எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. "60 டிகிரியில் நிறைவுற்ற 100 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலை 30 டிகிரிக்குக் குளிரவைத்தால் எவ்வளவு படிகம்?" உடனே 110-இலிருந்து 46-ஐக் கழித்து 64 என்று எழுதிவிடுவார்கள். அது 100 கிராம் நீர் இருந்தால் கிடைக்கும் விடை. இங்கே இருப்பது 100 கிராம் கரைசல். 210 கிராம் கரைசலில் 110 கிராம் நைட்ரேட் என்றால், 100 கிராமில் 52.4 கிராம் நைட்ரேட், மிச்சம் 47.6 கிராம் நீர். அந்த நீர் 30 டிகிரியில் சுமார் 21.9 கிராமைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே வருவது 30.5 கிராம், 64-இல் பாதிகூட இல்லை. கேள்வியில் 'நீர்' என்ற சொல்லா, 'கரைசல்' என்ற சொல்லா என்று முதலில் அடிக்கோடிடச் சொல்லுங்கள்.

கரைதிறன் வேறு, கரையும் வேகம் வேறு. தேக்கா சந்தையில் ஐஸ் போட்ட லைம் ஜூஸில் சீனியைக் கொட்டினால் அடியில் தங்கிவிடும். அது நிறைவுற்றுவிட்டது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். சீனியோ 0 டிகிரி நீரிலும் 100 கிராமுக்குச் சுமார் 180 கிராம் கரையக்கூடியது. இரண்டு கரண்டி அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. குளிரில் மெதுவாகக் கரைகிறது, அவ்வளவுதான். கடைக்காரர் சீனிப்பாகு ஊற்றுவதும் இதற்காகத்தான். கலக்குவதும் பொடியாக்குவதும் வேகத்தை மட்டுமே கூட்டும், கரைதிறன் எண்ணை அவை அசைக்காது.

'நிறைவுற்ற' என்பதையும் 'செறிந்த' என்பதையும் குழப்பக் கூடாது. சுண்ணாம்பு நீர் முழுக்க நிறைவுற்றிருந்தாலும் லிட்டருக்கு 1.6 கிராம் அளவுதான், சுமார் 0.02 மோல், மிக நீர்த்த கரைசல். 60 டிகிரியில் 100 கிராம் நீரில் 100 கிராம் நைட்ரேட் இருந்தால் அது செறிந்த கரைசல், ஆனால் இன்னும் நிறைவுறவில்லை.

கரைதிறன் வளைகோட்டைச் செய்முறையாகச் செய்தால்: பெரிய கண்ணாடிக் குழாயில் 10.0 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், பியூரெட்டிலிருந்து (அளவுக் கோடுகளும் திருகும் உள்ள நீண்ட குழாய்) 10.0 மி.லி. நீர். வெந்நீர்த் தொட்டியில் வைத்து முழுதும் கரையவிட்டு, வெளியே எடுத்துக் கலக்கிக்கொண்டே ஆறவிடுங்கள். முதல் படிகம் மினுங்கும் நொடியில் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். 56 டிகிரி வாக்கில் வரும். பிறகு 2 மி.லி. நீர் சேர்த்து மறுபடியும்: இப்போது 100 கிராமுக்கு 83 கிராம், 49 டிகிரி அருகே. இப்படி 20 மி.லி. வரை போனால் 32, 33 டிகிரிக்கு இறங்கும். அதற்கு மேல் நீர் சேர்த்தால் நம் அறையில் படிகமே வராது, ஐஸ் தொட்டி வேண்டும். கலக்காமல் விட்டால் கரைசல் மிகைநிறைவுற்று (எல்லைக்கு மேலும் கரைந்தபடியே நின்று), படிகம் தாமதமாக, தாழ்ந்த வெப்பநிலையில் திடீரென்று கொட்டும். அந்தப் புள்ளி வளைகோட்டில் ஒட்டாமல் தனியே நிற்கும். நேரடியாகத் தீயில் கொதிக்கவிட்டால் நீர் ஆவியாகி, 10 மி.லி. என்ற எண்ணே பொய்யாகிவிடும்.

இனி 250 மி.லி. விவகாரம். சோடியம் கார்பனேட் ஒரு மோல் 106 கிராம். 0.1-ஐ 0.25-ஆல் பெருக்கி 106-ஆல் பெருக்கினால் 2.65 கிராம், இதுவரை மகன் செய்தது சரி. இவ்வளவு நீர்த்த கரைசலில் கார்பனேட் பிடிக்கும் இடம் சொற்பம் என்பதும் உண்மை. இங்கே அதைவிடப் பெரிய பிழை அளக்கும் சிலிண்டர்தான். சாதாரண 250 மி.லி. சிலிண்டரில் 2 மி.லி. வரை முன்பின் இருக்கலாம். கழுத்தில் ஒற்றைக் கோடு போட்ட வால்யூமெட்ரிக் பிளாஸ்க்கில், துல்லியம் கூடிய ஏ வகுப்பு என்றால், அந்தப் பிழை 0.15 மி.லி.க்குள் அடங்கும்.

பீக்கரில் 100 மி.லி. அயனி நீக்கிய நீரை எடுத்து, கலக்கிக்கொண்டே பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். பொடியின் மேல் நீரை ஊற்றினால் கட்டிபிடித்து அடியில் கல்லாக ஒட்டிக்கொள்ளும். கரைந்தது சூடாக இருந்தால் ஆறட்டும். புனல் வழியாகப் பிளாஸ்க்கில் ஊற்றி, பீக்கரையும் கண்ணாடிக் குச்சியையும் புனலையும் சிறிது சிறிதாக நீர் விட்டு மூன்று முறை அலசி, அந்த நீரையும் உள்ளேயே சேர்க்க வேண்டும். அலசாமல் விட்டால் பீக்கரில் ஒட்டியது கணக்கில் வராது, செறிவு குறையும். கோட்டுக்கு ஒரு செ.மீ. கீழே வரை நீர் ஊற்றிவிட்டு, மிச்சத்தைச் சொட்டுக் குழாயால் விடுங்கள். கண் கோட்டின் மட்டத்தில், வளைந்த பரப்பின் அடிப்பகுதி கோட்டைத் தொட வேண்டும். மூடியை அழுத்திப் பிடித்துப் பத்துப் பதினைந்து முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். குலுக்கினால் மட்டும் போதாது, கழுத்தில் உள்ள நீர் கழுத்திலேயே நிற்கும்.

கோட்டைத் தாண்டிவிட்டால் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே வழி. சொட்டுக் குழாயால் உறிஞ்சி எடுத்தால் நீரோடு உப்பும் போய்விடும். கவிழ்த்துக் கலக்கிய பின் மட்டம் கொஞ்சம் இறங்கித் தெரிந்தால், அது மூடியிலும் கழுத்திலும் ஒட்டிய கரைசல். மேலும் நீர் சேர்க்கக் கூடாது. ஆனால் சூடான கரைசலைக் கோடு வரை நிரப்பியது ஆறியதும் இறங்கினால் அது வேறு சங்கதி. 50 டிகிரியிலிருந்து 30-க்கு ஆறும்போது 250 மி.லி.யில் ஏறத்தாழ 2 மி.லி. சுருங்கும், அதை நீர் விட்டு நிரப்பத்தான் வேண்டும்.

நீல நிறக் காப்பர் சல்ஃபேட்டில் எடுக்க வேண்டிய மோல் நிறை 250, நீரில்லாத வெள்ளைப் பொடியின் 160 அல்ல. 0.5 மோல் கரைசல் 250 மி.லி.க்கு 31.25 கிராம் நீலப் படிகம் வேண்டும். 160-ஐ வைத்து 20 கிராம் எடுத்தால் கிடைப்பது 0.32 மோல்தான். பாட்டில் லேபிளில் எத்தனை நீர் மூலக்கூறு என்று பார்க்காமல் கால்குலேட்டரைத் தொடக் கூடாது.

நீர்க்கச் செய்வதிலும் அதே சிக்கல் தலைகாட்டும். 1 மோல் கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்ய, 25 மி.லி.யைப் பிபெட்டில் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) எடுத்து மொத்தத்தை 250 ஆக்க வேண்டும். 25-உடன் 250 மி.லி. நீரைச் சேர்த்தால் அது பதினொரு மடங்கு. வீட்டில் 5 விழுக்காடு பிளீச்சை 0.1 விழுக்காடாக்க ஒரு பங்குக்கு 49 பங்கு நீர் ஊற்றுவதும் இதே கணக்கு: மொத்தம் 50 பங்கு.

கடைசியாக, சோடியம் ஹைட்ராக்சைடு. நம் ஊர் ஈரக்காற்றில் அதன் வெள்ளை மணிகள் தராசிலேயே வியர்க்கத் தொடங்கும். நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சி எடை கூடிக்கொண்டே போகும். 1.00 கிராம் என்று காட்டும்போது உள்ளே இருப்பது 1.00 கிராம் ஹைட்ராக்சைடு அல்ல. பாட்டிலை உடனே மூடி, வேகமாக நிறுத்து, 250 மி.லி. ஆக்கிய பின் லேபிளில் 'சுமார் 0.1' என்று மட்டும் எழுதுங்கள். செறிவு தெரிந்த அமிலத்தோடு டைட்ரேஷன் செய்து (எவ்வளவு அமிலம் அதைச் சரியாக நடுநிலையாக்குகிறது என்று அளந்து) 0.097 வந்தால், அதன் பிறகு 0.097 என்றே திருத்தி எழுத வேண்டும்.