மாம்பழக் கூழ் டின்னும் பாதியில் நழுவும் ஓப்பனரும்

தம்பி, இங்கிலாந்தில் கவென்ட்ரிக்குப் படிக்க வந்து மூன்று வாரம் ஆகிறது, ஒரு பவுண்டு கடையில் வாங்கிய டின் ஓப்பனர் தேங்காய்ப்பால் டின்னில் பாதிச் சுற்றோடு நழுவுகிறது, மாம்பழக் கூழ் டின்னில் பல்லே பதியவில்லை, கடைசியில் கத்தியால் குத்தப் போய் விரலைக் கிழித்துக்கொண்டேன், எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் விரலைப் பாருங்கள். அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ரத்தம் நின்றுவிட்டது, ஆனால் காயம் ஆழமாகத் தெரிகிறது, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால் 111 என்கிற மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை. விசாவோடு சுகாதாரக் கட்டணமும் கட்டித்தானே வந்திருப்பீர்கள், செலவாகுமோ என்று தயங்க வேண்டாம்.

எனக்கும் இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது, இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் பட்டது. ஊரில் மில்க்மெய்ட் டின்னை அம்மா ஆணியும் சுத்தியலும் வைத்து இரண்டு ஓட்டை போட்டுத் திறப்பார். பால் ஊற்ற அது போதும். கொண்டைக்கடலை வெளியே வர மூடி முழுசாகத் திறக்க வேண்டுமே. கத்தியை வைத்து அழுத்தினால் தகரம் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் திடீரென்று விட்டுக்கொடுக்கும். அந்த நொடியில்தான் கை வெட்டுப்படுகிறது. இதே நாட்டில், லண்டன் பெர்மண்ட்சியில் 1813லேயே டின் உணவு ஆலை வந்துவிட்டது. திறப்பதற்கென்று தனிக் கருவி 1855ல்தான் வந்தது. அதுவரை உளியும் சுத்தியலும்தான். நமக்கு அந்த நிலைமை இல்லை, அதனால் இனிமேல் கத்தியைத் தொடாதீர்கள்.

சரி, உங்கள் ஓப்பனர் ஏன் நழுவுகிறது? அதில் இரண்டு சக்கரம் இருக்கும். ஒன்று மூடியைக் கிழிக்கிற வட்டக் கத்தி. இன்னொன்று டின் விளிம்பை அடியிலிருந்து பிடித்து நகர்த்துகிற பல் சக்கரம். மலிவான ஓப்பனரில் கையால் திருப்புகிற பிடியான திருகைச் சுற்றினால் பல் சக்கரம் மட்டும்தான் சுழலும், கத்தி சும்மா இழுபட்டு வரும். இரண்டையும் பிடித்திருக்கும் ஆணி கொஞ்சம் தளர்ந்தாலும் இடைவெளி விழுந்து விளிம்பு நழுவிவிடும். நல்ல ஓப்பனரில் பின்பக்கம் இரண்டு கியர் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும், கத்தியும் சேர்ந்தே சுழலும்.

ஆகவே கடையில் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், கையில் எடுத்துப் பாருங்கள். கைப்பிடிகளைச் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்டுங்கள், கத்திக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி தெரியக் கூடாது. திருகைச் சுற்றுங்கள், கத்தியும் சுற்ற வேண்டும். கைப்பிடியை இடவலமாக ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். திருகு உள்ளங்கையை நிறைக்கிற அளவுக்குப் பெரியதாக இருந்தால் கை வலிக்காது. பத்து பவுண்டு பக்கம் ஆகலாம், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். இடக்கைப் பழக்கம் என்றால் அதற்கென்றே செய்தது கேட்டு வாங்குங்கள், சாதாரணமானது உங்களுக்குத் தலைகீழாக இருக்கும்.

மாம்பழக் கூழ் டின்னைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே நம் கடைகளில் கிடைக்கிற அந்த 850 கிராம் டின் பெரும்பாலும் இழுப்பு வளையம் இல்லாமல்தான் வருகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் அடைத்து வருவதும் அதில் உண்டு, ஊர்ப் பெயரைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். அதன் உடம்பு தகட்டை வளைத்து நெடுக்காகப் பற்றவைத்தது. லேபிளுக்கு மேல் விரலால் தடவினால் அந்தக் கோடு தட்டுப்படும். கோடு விளிம்பைத் தொடுகிற இடத்தில் தகரம் தடிப்பாக இருக்கும், ஓப்பனர் எகிறுவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் கோட்டைத் தாண்டிய உடனே ஆரம்பியுங்கள். சுற்றி வந்து அந்த இடத்தைத் தொடும்போது மூடி ஏறக்குறைய முழுக்கத் திறந்திருக்கும். கோட்டின் மேலேயே ஆரம்பித்தால் எந்த ஓப்பனரும் திணறும்.

பக்கவாட்டில் வெட்டுகிற ஓப்பனரும் உண்டு. அது மூடியைக் குத்தாது, விளிம்பு மடிப்பின் வெளிப்புறத்தை வெட்டி மூடியை அப்படியே கழற்றிவிடும். கூரான ஓரம் இல்லை, மூடி குழம்புக்குள் விழாது. வெட்டியது கண்ணுக்குத் தெரியாததால் சிலர் இரண்டாவது சுற்றும் சுற்றுவார்கள், அப்போது மெல்லிய தகரச் சிலும்பு பிரிந்து உணவில் விழலாம். ஒரு சுற்றோடு நிறுத்தி மூடியை மெல்ல நெம்பிப் பாருங்கள். நல்ல வட்ட டின்னுக்கு இது அருமையானது. விளிம்பு நசுங்கிய டின்னிலும் சதுர டின்னிலும் திண்டாடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மேலிருந்து வெட்டுகிற கியர் ஓப்பனரையே வாங்குங்கள்.

அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தபோது மூட்டுவலியால் அந்தத் திருகைக்கூட அவரால் திருப்ப முடியவில்லை. பேட்டரி ஓப்பனர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சின்ன டின்களை அவரே திறந்துகொண்டார், அந்தச் சந்தோஷத்துக்காகவே வாங்கலாம். மாம்பழ டின்னில் மட்டும் நடுவில் நின்றுவிடும்.

இழுப்பு வளையம் கையோடு பிய்ந்து வந்துவிட்டால் டின்னைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலும் விளிம்பு இருந்தால் அங்கே திறக்கலாம். அடி வழவழப்பாக வளைந்திருந்தால் முடியாது, மேல் விளிம்பிலேயே ஓப்பனரைப் பொருத்துங்கள்.

விளிம்பு நசுங்கிய டின்னை விலை குறைவு என்று எடுக்காதீர்கள், மடிப்பு விட்டுப்போயிருந்தால் உள்ளே கெட்டிருக்கும். மூடி உப்பியிருந்தால் திறக்காமலே தூக்கிப் போடுங்கள். ஓப்பனரின் பல்லிடுக்கில் தேங்காய்ப்பால் காய்ந்து நாற்றம் பிடிக்கும், பழைய டூத் பிரஷால் அன்றைக்கே தேய்த்துக் கழுவித் துடைத்து வையுங்கள். மிச்சமான கூழை டின்னோடு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிட்டால், வேண்டும்போது நாலு கட்டியைத் தயிரில் போட்டு அடித்துக் குடிக்கலாம்.